ஐபோனில் நிற்காத சுவாமி மலை

திருகோணமலையில், நிலாவெளிப் பக்கம் உள்ள ஒரு விடுதிக்கு இணையப் பக்கம் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பின்னணியில் சுவாமி மலையும் கோணேசர் கோயிலும். எழுத்துகள் மேலே நகர, படம் மட்டும் அசையாமல் நிற்க வேண்டும். பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் மொழியான சிஎஸ்எஸ்ஸில் 'பேக்ரவுண்ட்-அட்டாச்மென்ட்: ஃபிக்ஸட்' என்ற ஒரு வரி போதும். மடிக்கணினியில் ஜோராக நிற்கும். ஐபோனில் திறந்தால் கோயிலையே காணோம்; மங்கலான பாறைத் துண்டு ஒன்று பக்கத்தோடு சேர்ந்து ஓடுகிறது.

ஐபோனின் உலாவியான சஃபாரி அந்த வரியைச் சட்டை செய்வதில்லை. படம் திரையோடு ஒட்டாமல் முழுப் பக்கத்தோடும் ஒட்டிக்கொள்கிறது. அளவுக்கு 'கவர்' (இடம் முழுவதையும் படம் நிரப்பட்டும்) என்று கொடுத்திருந்தால் கூத்து இன்னும் பெரிது. பக்கம் 6,000 பிக்சல் உயரம், படம் 3:2 விகிதம் என்றால், அது 9,000 பிக்சல் அகலத்துக்கு ஊதிவிடும். 390 பிக்சல் அகலத் திரையில் அதில் 4 சதவீதம் சொச்சம்தான் தெரியும். கோயில் எங்கே தெரியப்போகிறது?

ஆப்பிளின் பிடிவாதத்தில் நியாயம் இல்லாமலும் இல்லை. விரலால் தள்ளும்போது உலாவி பக்கத்தைத் திரும்ப வரைவதில்லை. ஏற்கெனவே வரைந்ததை கிராபிக்ஸ் சிப் நகர்த்துகிறது, அவ்வளவுதான். பின்னணி மட்டும் நிற்க வேண்டுமென்றால், ஒரே அடுக்கில் இருக்கும் எழுத்தும் படமும் ஒன்றுக்கொன்று ஒவ்வொரு கணமும் இடம் மாறுகின்றன; அதனால் திரும்பத் திரும்ப வரைய வேண்டும். கோலம் போட்ட பலகையைத் தள்ளுவது வேறு, தள்ளத் தள்ளக் கோலத்தை அழித்துப் போடுவது வேறு. நொடிக்கு 60 முறை என்றால் ஒவ்வொரு முறைக்கும் கிடைப்பது சுமார் 16.7 மில்லிநொடி. பேட்டரியும் கரையும்.

அப்படியானால் படத்தைத் தனி அடுக்கில் வைத்துவிட வேண்டியதுதான். பக்கத்தின் உள்ளடக்கம் முழுவதையும் தாங்கும் 'பாடி'க்கு ஒரு '::பிஃபோர்' (சிஎஸ்எஸ் உருவாக்கும் கூடுதல் பெட்டி) போட்டு, அதைத் திரையோடு நிறுத்த 'பொசிஷன்: ஃபிக்ஸட்', எழுத்துக்குப் பின்னால் தள்ள 'இசட்-இண்டெக்ஸ்: -1' கொடுத்து, படத்தை அதில் மாட்டுங்கள். இப்போது சிப் இரண்டு அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் போதும். உயரத்தை மட்டும் '100எல்விஹெச்' (முகவரிப் பட்டை மறைந்திருக்கும்போதுள்ள முழுத் திரை உயரம்) என்று வையுங்கள். இல்லாவிட்டால் முகவரிப் பட்டை மறையும்போதெல்லாம் படம் குதிக்கும்.

ஒரு வரி உலாவிக்குத் தெரியுமா என்று கேட்கும் '@சப்போர்ட்ஸ்' வைத்து, பழைய 'பேக்ரவுண்ட்-அட்டாச்மென்ட்' வரியைச் சோதிக்கலாமே என்று தோன்றும். பயனில்லை: சஃபாரிக்கு அந்த வரி புரியும், ஆகவே 'ஆம்' என்றே சொல்லும், செய்யத்தான் மாட்டாது. அப்புறம், பாடிக்கு யாராவது 'டிரான்ஸ்ஃபார்ம்' (நகர்த்தும், சுழற்றும் கட்டளை) கொடுத்திருந்தால் இந்த வழியும் படுத்துவிடும். குரோமில் ஐபோன் அளவுக்குச் சாளரத்தைச் சுருக்கிப் பார்ப்பதும் போதாது. உள்ளே பக்கத்தை வரைவது சஃபாரியின் நிரல் அல்ல, குரோமின் நிரல்தான்; கோளாறு தெரிய நிஜ ஐபோன் வேண்டும்.