வெள்ளாமை உயர்ந்தால் கூகைக்குப் பட்டினி

திருகோணமலை மாவட்டத்துத் தம்பலகாமம், கந்தளாய் வெளிகளில் பெரும்போக நெல், கதிர் தாளுக்குள் திரளும் குடலைப் பருவத்துக்கு வரும்போதுதான் எலித் தொல்லை உச்சத்துக்கு ஏறும். எலி தின்னும் ஆந்தையான கூகைக்கு அது விருந்துக்காலம் என்று தோன்றும். அப்படி நடப்பதில்லை. வயலில் எத்தனை எலி என்பது வேறு, கூகையின் நகத்துக்கு எட்டுவது எத்தனை என்பது வேறு. நடுவே பயிர் நிற்கிறது.

இருட்டில் கூகை பெரிதும் நம்புவது காதை. அதன் செவித்துளைகள் ஒரே மட்டத்தில் இல்லை. இடது சற்று மேலே, வலது சற்றுக் கீழே. ஒலி எந்தக் காதை முந்தித் தொட்டது என்பதிலிருந்து இடவலமும், எதில் உரத்துக் கேட்டது என்பதிலிருந்து மேல்கீழும் அதற்குப் பிடிபடும். அமெரிக்க ஆய்வாளர் ரோஜர் பெய்ன் முழு இருட்டறையில் சருகு பரப்பி எலியை ஓடவிட்டார், கூகை பிடித்துவிட்டது. காகித உருண்டை ஒன்றைச் சருகில் இழுத்தபோது அதன் மேலும் பாய்ந்தது. மணமும் உடற்சூடும் தேவைப்படவில்லை, சரசரப்பே போதுமாயிருந்தது. சாக்குருவி என்று இதைக் கல்லெறிந்து விரட்டுகிறோம்!

ஆகவே அடர்ந்த பயிருக்குள் எலி இருப்பது கூகைக்குக் கேட்கக்கூடும். சிக்கல் பாய்ச்சலில் இருக்கிறது. தாழ்வாக, மெதுவாகப் பறந்து வந்து கடைசிக் கணத்தில் கால்களை முன்னே நீட்டி விழுவது அதன் முறை. சிறகின் முன்விளிம்பிலுள்ள நுண்பற்களும் மேற்பரப்பின் மென்தூவியும் பறக்கும் ஓசையை அடக்கிவிடுகின்றன. ஆனால் நெருங்கிய தாள்களுக்குள் அகன்ற சிறகை விரிக்க இடமில்லை. நீட்டிய கால் தண்டில் பட்டு விலகும். தண்டு அசைந்தால் எலி உஷாராகிவிடும். இந்தியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் உள்ள புல்வெளி ஆந்தைக்குக் கால் இன்னும் நீளம். உயர்ந்த புல்லில் அது கைகொடுக்கிறது.

எலியும் இதை அறியாததல்ல. இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்து எலிகளிடையே கூகைகளைப் பறக்கவிட்டுச் சோதித்தபோது, அவை வெட்டவெளியில் கிடந்த தானியத்தை மிச்சம் வைத்துவிட்டுப் பற்றையோரம் ஒதுங்கின. நிலவொளியிலும் அப்படியே.

மாசி, பங்குனியில் வெள்ளாமை வெட்டியதும் நிலைமை மாறும். காய்ந்த வைக்கோலில் எலி நடந்தாலே சத்தம். தலைக்கு மேல் மறைப்பும் இல்லை. அதற்காக எல்லாவற்றையும் எரித்து உழுதுவிட்டால் எலியே தங்காது. கூகைக்குத் தோதானது மறைப்பும் வெட்டவெளியும் சந்திக்கும் ஓரம்: வரம்புப் புல், வாய்க்கால் கரை, பற்றை விளிம்பு. வயல் எலி வளை தோண்டுவதும் வரம்பில்தான்.

ஆந்தை வந்து அமரட்டும் என்று வயலில் தென்னை மட்டை நடுவது நல்ல பழக்கம். பயிர் குட்டையாக இருக்கும்போதே, வரம்பை ஒட்டி நட வேண்டும். குடலைப் பருவத்தில் வயல் நடுவே நட்டால் கூகை வந்து உட்காரும், எலி ஓடுவதும் கேட்கும், இறங்கத்தான் வழியிராது.