மேல்தாடையில் எலும்பு கரைந்தவர்களுக்கு இம்ப்ளான்ட்: இத்தனை மாதக் காத்திருப்பு எதற்கு?

மேல் கடைவாய்ப் பற்களை எடுத்துப் பல ஆண்டுகள் ஆனவர்களிடம் ஸ்கேன் பார்த்துவிட்டு, "இம்ப்ளான்ட் (செயற்கைப் பல்லுக்கு வேராகத் தாடை எலும்பில் வைக்கும் திருகு) வைக்க எலும்பு போதாது" என்று சொல்ல நேர்கிறது. பல் போனதும் அதைத் தாங்கிய எலும்பு கரையும். முதல் ஆறு மாதத்தில்தான் வேகம் அதிகம். மேல்தாடையில் இன்னொரு சிக்கலும் உண்டு. மேலே இருக்கும் சைனஸ் காற்றறை கீழ்நோக்கி விரிந்து, எலும்பை அந்தப் பக்கமிருந்தும் மெலியச் செய்யும். கடைசியில் சிலருக்கு 2, 3 மி.மீ. மட்டுமே மிஞ்சும்.

எலும்பின் அகலத்தையும் சைனஸின் உட்புறத்தையும் காட்டுவது சி.பி.சி.டி. எனும் முப்பரிமாண ஸ்கேன்தான், சாதாரண எக்ஸ்ரே போதாது. சைனஸில் சீழோ அடைப்போ தெரிந்தால் முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போக வேண்டும். எலும்பு மெலிவு நோய்க்கோ (ஆஸ்டியோபோரோசிஸ்) புற்றுநோய்க்கோ மாத்திரை, ஊசி எடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

சுமார் 5 மி.மீ. உயர எலும்பு இருந்தால் சைனஸின் அடிச்சவ்வை மேலே தூக்கி அன்றே இம்ப்ளான்ட்டும் வைக்கலாம். அதைவிடக் குறைவென்றால் திருகுக்குப் பிடிமானம் கிடைக்காது, அதனால் இரண்டு கட்டமாகச் செய்கிறோம். தாடையின் பக்கச்சுவரில் சிறு சன்னல் திறந்து, உள்ளே ஒட்டியிருக்கும் சவ்வை மெல்லப் பிரித்து மேலே தள்ளி, அடியில் எலும்புத்தூள் நிரப்புவது முதல் கட்டம். அந்தச் சவ்வு வெங்காயத்தின் உள்தோல் மாதிரி; பெரும்பாலும் ஒரு மி.மீ. கூட இருக்காது. சிறிதாகக் கிழிந்தால் கொலாஜன் படலம் வைத்து மூடலாம். பெரிதாகக் கிழிந்தால் தையல் போட்டு, சில மாதம் கழித்துத் திரும்பச் செய்வதே நல்லது. "பாதியில் நிறுத்திவிட்டார்" என்று வருத்தப்படாதீர்கள். தூள் சைனஸுக்குள் சிதறினால் வரும் தொற்று அதைவிட மோசம்.

வைத்த தூள் அன்றே எலும்பாகிவிடுவதில்லை. அது கட்டடத்துக்குக் கட்டும் சாரம் போன்றது. ரத்தக்குழாய்கள் ஊடுருவி, உடலின் சொந்த எலும்பு அதைச் சுற்றி வளர ஆறு முதல் ஒன்பது மாதம் ஆகும். அவசரப்பட்டுத் திருகினால் இம்ப்ளான்ட் ஆடும். அந்த எலும்பு வளர்ந்த பின் இம்ப்ளான்ட் வைத்து மேலும் நான்கு முதல் ஆறு மாதம் விட வேண்டும், ஏனென்றால் மேல்தாடை எலும்பு இயல்பிலேயே மிருதுவானது. பிறகு ஈறைத் திறந்து, இம்ப்ளான்ட்டின் மேல் ஒரு சிறு மூடியை மாட்டி, இரண்டு மூன்று வாரத்தில் அளவெடுத்துப் பல் பொருத்துவோம். எல்லாம் சேர்த்து ஒன்றேகால் வருடத்துக்குச் சற்று மேலும் போகலாம்.

இந்தக் காத்திருப்பில் அதிகம் கெடுப்பது பழைய பல்செட்தான். வெளியே தெரியாமல் தினமும் தையலை அழுத்தி, புண்ணைத் திறந்துவிடும். மருத்துவர் அதன் உட்புறத்தைக் குடைந்து மென்மையான பூச்சு வைத்துத் தரும்வரை போடாதீர்கள். புகைப்பவர்களுக்கு ரத்த ஓட்டம் குறைந்து புது எலும்பே உருவாகாமல் போகலாம்.

சைனஸ் சிகிச்சை முடிந்து முதல் இரண்டு மூன்று வாரம் மூக்கைச் சிந்தக்கூடாது, ஸ்ட்ரா கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள். ஓரிரு நாள் மூக்கில் லேசான ரத்தக்கசிவு இயல்பு. ஆனால் குடித்த தண்ணீர் மூக்கு வழியாக வந்தாலோ, ஒரு பக்க மூக்கில் நாற்றமடிக்கும் சளியோ மணல் போன்ற துகளோ வந்தாலோ அன்றைக்கே மருத்துவரை அழையுங்கள்.