வெளிப்பாட்டுக் கலவையாம்!

‘பல வெளிப்பாடுகளைக் கலந்து சாளரத்தைச் சமன்செய்க.’ ஒளிப்படப் பாடம் ஒன்றின் தமிழாக்கத்தில் போன வாரம் படித்தது இது. படம் எடுக்கும்போது கேமராவுக்குள் விழும் ஒளியின் அளவை ஆங்கிலத்தில் ‘எக்ஸ்போஷர்’ என்பார்கள். அதற்கு வைத்த இந்த ‘வெளிப்பாடு’ என் கண்ணில் படுவது நான்காவது முறை. முதல் முறை சிரித்தேன், மூன்றாவது முறை பல்லைக் கடித்தேன். இப்போது எழுத உட்கார்ந்துவிட்டேன்.

விஷயம் எளியதுதான். செட்டிநாட்டு வீடு ஒன்றின் உள்ளறையில் நின்று, ஜன்னல் வழியே வளவை, அதாவது வெயில் விழும் முற்றத்தை, பார்த்துப் படம் எடுங்கள். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். உச்சி வெயில் 1,00,000 லக்ஸ் வரை போகும். அறைக்குள் 100 லக்ஸ் இருந்தாலே அதிகம். ஒரு ஸ்டாப் கூடினால் வெளிச்சம் இரண்டு மடங்கு என்று கணக்கிட்டால், இந்த ஆயிரம் மடங்கு ஏறத்தாழ 10 ஸ்டாப். நம் கண் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துச் சமாளித்துக்கொள்ளும். கேமரா ஒரு சொடுக்கில் அதைச் செய்யாது. அறைக்கு அளவு வைத்தால் ஜன்னல் வெளுத்துவிடும், ஜன்னலுக்கு வைத்தால் அறை இருண்டுவிடும். அதனால் முக்காலியில் கேமராவை அசையாமல் நிறுத்தி, அளவான ஒரு படம், இரண்டு ஸ்டாப் குறைத்து ஒன்று, இரண்டு ஸ்டாப் கூட்டி ஒன்று என்று எடுத்து, மூன்றிலும் நல்ல பகுதிகளை எடுத்து ஒரே படமாக்குகிறார்கள். இதற்கு ஆங்கிலப் பெயர் எக்ஸ்போஷர் பிளெண்டிங்.

‘எக்ஸ்போஷர்’ லத்தீன் வழி வந்தது. எக்ஸ் என்றால் வெளியே, பொனேரே என்றால் வைத்தல். வேர் அவ்வளவுதான்.

வம்பு இங்கேதான் தொடங்குகிறது. ‘எக்ஸ் என்றால் வெளி, ஆகவே வெளிப்பாடு’ என்று நம் ஆட்கள் தாண்டிக் குதித்துவிட்டார்கள். வெளியே வைக்கப்படுவது எது? படம் பதியும் தகடு, ஒளிக்கு முன்னால் தகடு. ஒளி எங்கேயும் வெளிப்படவில்லை, உள்ளே வருகிறது. தமிழில் வெளிப்பாடு என்றால் உள்ளே கிடந்தது வெளியே தெரிவது. கோபத்தின் வெளிப்பாடு, அன்பின் வெளிப்பாடு, கவிஞரின் வெளிப்பாடு. அதைக் கேமராவுக்குக் கொடுத்தால் ஒளியின் திசையே தலைகீழாகிறது. ‘குறைந்த வெளிப்பாடு’ என்று படித்த மாணவர் ஒருவர், படத்தில் உணர்ச்சி போதவில்லை போல என்று நினைத்தாராம். அவர் மேல் என்ன தப்பு?

‘வழக்கத்தில் வந்துவிட்டது, விடுங்கள்’ என்பார்கள். எந்த வழக்கத்தில்? ஸ்டுடியோவில் கேட்டுப் பாருங்கள்: ‘ஓவர் எக்ஸ்போஸ் ஆயிருச்சு’, ‘ஜன்னல் பர்ன் ஆயிருச்சு’ என்பார்கள். மிகை வெளிப்பாடு என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. கேமரா மெனுக்களிலும் மொழிபெயர்ப்புகளிலும் மட்டும் நடமாடும் சொல்லுக்கு வழக்கு என்று பெயர் வைப்பது நியாயமில்லை. அதற்கு எக்ஸ்போஷர் என்றே எழுதிவிடலாம், குறைந்தபட்சம் பொய் சொல்லாது. நான் தனித்தமிழ் வெறியன் அல்ல. போர்ச்சுகீசியரிடம் வாங்கிய ஜன்னலை விரட்டிவிட்டுக் காலதரைக் கூட்டிவரச் சொல்ல மாட்டேன், சிலப்பதிகாரத்தில் அது எவ்வளவு அழகாக இருந்தாலும். (ஜன்னலைக் குறிக்கும் பலகணியை ஓசை ஒற்றுமைக்காகப் பால்கனியாக்கியவர்களை மட்டும் மன்னிக்க முடியவில்லை.)

நல்ல சொல் எது? ‘வெயில் படுகிறது’, ‘கண் படுகிறது’ என்று நாம் இயல்பாகச் சொல்வதால் ‘ஒளிபடல்’ என்றுதான் நெடுநாள் எழுதினேன். அச்சுக்குப் போகும்போதெல்லாம் யாரோ ஒரு ‘ப்’ சேர்த்து அதை ஒளிப்படத்தோடு குழப்பிவிட்டார்கள். ‘ஒளிப்பாடு’ என்றால் ஒளித்துவைப்பது போலக் கேட்கிறது. ‘ஒளியூட்டல்’ விளக்குப் போடுகிறவர் வேலை. கடைசியில் ‘ஒளியேற்பு’ என்பதில் நின்றேன். ஏற்பது தகடு அல்லது சென்சார், வருவது ஒளி. திசை சரி. குறை ஒளியேற்பு, மிகை ஒளியேற்பு, மூன்று ஒளியேற்புகள் என்று எப்படித் திருப்பினாலும் வளைந்துகொடுக்கிறது.

அடுத்தது கலவை. கலவை என்றதும் சிமென்டும் மணலும் நினைவுக்கு வரும். எது எது என்று பிறகு பிரிக்க முடியாது. இங்கே நடப்பது அது இல்லை. ஜன்னல் இருண்ட படத்திலிருந்தும், உத்தரம் வெளிச்சப் படத்திலிருந்தும் வருகின்றன. ‘இணைப்பு’ என்றால் பனோரமா போலப் பக்கத்தில் பக்கம் ஒட்டுவதாகிவிடும். உயர்திணைக்கும் அஃறிணைக்கும் பொதுவான பெயரைத் தொல்காப்பியம் விரவுப்பெயர் என்கிறது. இரண்டிலும் பங்குள்ளது, ஆனால் இரண்டும் அழியவில்லை. ‘ஒளியேற்பு விரவல்’ என்பேன். ‘விரவலா, அப்படின்னா?’ என்று கேட்பார்கள். கேட்கட்டும், ஒரு நிமிடத்தில் விளக்கலாம். வெளிப்பாட்டை விளக்க அரை மணி ஆகிறது.

ஒரே காட்சியை ஒளியைக் கூட்டியும் குறைத்தும் அடுத்தடுத்து எடுப்பதுதான் பிராக்கெட்டிங். கேமரா தானாகவே அப்படி எடுப்பதற்கு இதே பாடத்தில் ‘தானியங்கி அடைப்புக்குறியிடல்’ என்று இருந்தது. குறிக்கு முன்னே ஒன்று, பின்னே ஒன்று சுட்டு இலக்கை நடுவில் பிடிக்கும் பீரங்கிக்காரர்களின் உத்தியையும் ஆங்கிலத்தில் இதே சொல்லால்தான் சொல்கிறார்கள். அதில் அடைப்புக்குறி எங்கே வந்தது? அகராதியின் முதல் பொருளோடு நிறுத்திக்கொண்டால் இப்படித்தான் ஆகும். ‘முன்பின் எடுப்பு’ என்று ஒரு குழந்தைகூடச் சொல்லிவிடும்.

இன்னொரு குழப்பம், இந்த விரவலை எல்லாம் எச்டிஆர் (ஹை டைனமிக் ரேஞ்ச், அதாவது மிகுந்த ஒளி வேறுபாட்டைப் பிடிக்கும் படம்) என்றே அழைப்பது. எச்டிஆரில், 1997இல் டெபெவெக், மாலிக் என்ற ஆய்வாளர்கள் காட்டிய வழியில், பல படங்களிலிருந்து காட்சியின் உண்மையான ஒளி அளவுகளைக் கணக்கிட்டு எடுக்கிறார்கள். அதைத் திரைக்கு ஏற்பச் சுருக்குவது பிறகு. 2007இல் மெர்ட்டன்ஸ், காவுட்ஸ், வான் ரீத் என்ற ஆய்வாளர்கள் சொன்ன விரவல் வழி அந்தக் கணக்கையே தவிர்க்கிறது. தெளிவு, நிறச்செறிவு, நடுத்தர வெளிச்சம் மூன்றையும் பார்த்து ஒவ்வொரு புள்ளிக்கும் எடை போட்டு நேரே விரவுகிறது. இரண்டும் வேறு. கை வேலையாக விரவல் இன்னும் பழையது. 1850களில் பிரெஞ்சு ஒளிப்படக்காரர் குஸ்தாவ் லெ கிரே, நீல ஒளிக்கு அளவுக்கு மீறி மசிந்த, அக்காலத்துக் கொலோடியன் பூச்சுத் தகட்டில் வானம் வெளுத்துப்போவதால், கடலுக்கு ஒன்றும் வானத்துக்கு ஒன்றுமாக இரண்டு நெகட்டிவ்களைச் சேர்த்துச் சில கடற்காட்சிகளை அச்சிட்டார்.

அந்தப் பாடத்தின் வரியைத் திருத்தி அனுப்பியிருக்கிறேன்: ‘மூன்று ஒளியேற்புகளை விரவி ஜன்னல் வெளிச்சத்தை அடக்குக.’ பதில் வந்தது. ‘சாளரம் ஏன் ஜன்னலாயிற்று?’ என்று மட்டும் கேட்டிருக்கிறார்கள்.