ஆசிரியர் கையில் ஆறு ஜாடிகள்

அமெரிக்காவில் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதியில் ‘ஆர்.இ.டி.’ (ஆசிரியர்களுக்கான ஆய்வு அனுபவம்) என்றொரு திட்டம் பல பல்கலைக்கழகங்களில் நடந்து வந்திருக்கிறது. உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்கள் கோடை விடுமுறையில் ஏறத்தாழ 6 வாரம் ஓர் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து வேலை செய்வார்கள். உதவித்தொகை உண்டு. பள்ளி திறக்கும்போது அந்த ஆய்விலிருந்து பிறந்த பாடத்தோடு வகுப்புக்குப் போக வேண்டும். நீர்ப் பொறியியல் இதற்கு மிகவும் தோதான துறை. குழாயில் வரும் தண்ணீர் எப்படித் தெளிந்தது என்ற கேள்வி எந்த மாணவருக்கும் அந்நியமில்லை. தேவைப்படும் கருவிகளும் பெரும்பாலும் எளியவை.

ஆனால் இந்த 6 வாரத்தை வீணாக்குவதும் எளிது. ஆசிரியரை விருந்தாளிபோல நடத்தி ஆலை ஆலையாகச் சுற்றிக் காட்டுவது ஒரு வகை வீண். ஆராய்ச்சி மாணவருக்குக் கண்ணாடிக் குடுவை கழுவித் தரச் சொல்வது இன்னொரு வகை. இரண்டையும் தவிர்க்க, விடை யாருக்கும் தெரியாத ஒரு சின்னக் கேள்வியை முதல் வாரத்திலேயே ஆசிரியரின் பொறுப்பில் விட்டுவிட வேண்டும். ‘மழை பெய்த மறுநாள் இந்த ஆற்று நீரைத் தெளிய வைக்க எவ்வளவு படிகாரம் வேண்டும்?’ என்ற அளவுக்குச் சின்னதாக இருந்தால் போதும்.

இதற்கான சோதனைக்கு ஜார் டெஸ்ட் என்று பெயர். 1 லிட்டர் பீக்கர்கள் ஆறு, ஒரே வேகத்தில் சுழலும் ஆறு துடுப்புகள். 10 கிராம் படிகாரத்தை (நீர் ஆலைகளில் பயன்படும் அலுமினியம் சல்பேட்) கரைத்து 1 லிட்டராக்கினால், அந்தக் கரைசலின் 1 மி.லி., ஒரு லிட்டர் நீரில் 10 மி.கி. ஆகும். முதல் ஜாடிக்கு எதுவும் சேர்க்காமல், மற்றவற்றுக்கு 1 முதல் 5 மி.லி. வரை கொடுக்கலாம். நிமிடத்துக்கு 100 சுற்று வேகத்தில் 1 நிமிடம், பிறகு 30 சுற்றில் 15 முதல் 20 நிமிடம், அதன்பின் நிறுத்தி அரை மணி நேரம் படியவிட வேண்டும். சேர்க்காத அந்த முதல் ஜாடியை வீண் என்று நினைத்து விட்டுவிடுவதுதான் பலரும் செய்யும் முதல் பிழை. தானாகப் படிந்தது எவ்வளவு, படிகாரம் படிய வைத்தது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல அது ஒன்றுதான் சாட்சி.

படிகாரத்தை ஜாடி ஜாடியாக ஊற்றிக்கொண்டு போனால் கடைசி ஜாடிக்குக் கலக்கும் நேரம் குறைந்துவிடும். ஆறு சிரிஞ்சுகளில் முன்கூட்டியே அளந்து வைத்து, ஒரே நேரத்தில் விட வேண்டும். மெதுவாகக் கலக்க வேண்டிய கட்டத்தில் வேகத்தைக் கூட்டினால், படிகாரத்தால் சேற்றுத் துகள்கள் ஒட்டிச் சேர்ந்த திரள்கள் உடைந்துவிடும். உடைந்தவை மறுபடி நன்றாக ஒட்டுவதில்லை. மாதிரியை மேற்பரப்புக்குச் சற்றுக் கீழேயிருந்து, அடியைக் கலக்காமல் பிப்பெட்டால் உறிஞ்ச வேண்டும். கலங்கல்மானியின் குப்பியில் ஒரு விரல் ரேகை இருந்தாலே அளவு கூடிவிடும். குளிர்ந்த நீர் நிரப்பினால் வெளிப்புறம் வியர்க்கும், அதுவும் கலங்கலாகவே பதிவாகும்.

எல்லாவற்றையும்விட நிறையக் கற்றுத்தரும் தோல்வி வேறொன்று. ‘சுத்தமாகச் செய்வோம்’ என்று வாலை வடிநீரில் களிமண்ணைக் கரைத்துச் சோதித்தால், 50 மி.கி. படிகாரம் போட்டாலும் எதிர்பார்த்த திரள் வராது. படிகாரத்தில் தவறில்லை. 1 மி.கி. படிகாரம் சுமார் அரை மி.கி. காரத்தன்மையை, அதாவது அமிலத்தைச் சமன்செய்யும் நீரின் திறனை, தின்றுவிடும், வடிநீரில் காரத்தன்மையே கிடையாது. பி.எச். சரிந்து (நீர் அமிலமாகி), அலுமினியம், ஹைட்ராக்சைடு பஞ்சாகத் திரளாமல் நீரிலேயே கரைந்து நிற்கும். 1 லிட்டருக்கு 0.17 கிராம் சமையல் சோடா சேர்த்தால் சுமார் 100 மி.கி. காரத்தன்மை கிடைக்கும். பிறகு அதே அளவுப் படிகாரம் வேலை செய்யும். வழிகாட்டி இந்த விடையை முதல் நாளே சொல்லிவிடக் கூடாது. ஆசிரியர் பி.எச். அளந்து, குறிப்பேட்டைப் புரட்டி, தானாகக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனாலும் ஆகட்டும். அந்த இரண்டு நாளில் கற்றது வகுப்பில் இரண்டு மாதப் பாடமாகும்.

மாதிரி எடுக்கும் முறையே விடையை மாற்றிவிடும் என்பதையும் ஆசிரியர்கள் கைப்பட அறிய வேண்டும். மிச்சிகன் மாநிலத்தின் ஃப்ளின்ட் நகரம் 2014 ஏப்ரலில் ஆற்று நீருக்கு மாறியபோது, குழாய் அரிப்பைத் தடுக்கும் மருந்து சேர்க்கப்படவில்லை. குழாய்களிலிருந்த ஈயம் அரித்து நீரில் கலந்து வீட்டுக் குழாய்வரை வந்தது. ஈயத்தை அளக்க, குறைந்தது 6 மணி நேரம் பயன்படுத்தாத குழாயிலிருந்து விழும் முதல் 1 லிட்டரைப் பிடிக்க வேண்டும். முந்தைய இரவே குழாயைத் திறந்து ஓடவிட்டால் ஈயம் இருந்தும் எண் குறைவாகத் தெரியும். இதை ஒரே குழாயில் இரண்டு விதமாக எடுத்து ஒப்பிடச் சொன்னால், தனி விரிவுரை தேவையில்லை.

வகுப்புக்குக் கொண்டுபோகும்போது துடுப்பு இயந்திரம் வேண்டாம். ஆறு தெளிந்த பிளாஸ்டிக் பாட்டில்கள், குளத்துச் சேறு, மருந்துக்கடைச் சிரிஞ்சு, தாளம் தட்டி ஒரே வேகத்தில் கிளற ஆறு மாணவர்கள் போதும். உயரமான கண்ணாடிக் குழலின் அடியில் கறுப்புப் பெருக்கல் குறி வரைந்து, எத்தனை செ.மீ. நீரில் குறி மறைகிறது என்று பார்த்தால் கலங்கலுக்கு ஓர் அளவு கிடைத்துவிடும். நம் வீடுகளில் குடத்தின் உட்புறம் தேய்த்த தேற்றாங்கொட்டையையும் ஒரு பாட்டிலில் வைத்துப் படிகாரத்தோடு ஒப்பிடலாம். வேதியியல் பாடத்துக்கு இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை. கழிவுநீரை மட்டும் வகுப்புக்குள் கொண்டுவரக் கூடாது. தெளிந்த நீரையும் யாரும் குடித்துப் பார்க்கக் கூடாது, கிருமி கண்ணுக்குத் தெரியாது.

கோடை முடிந்ததும் தொடர்பு அறுந்துவிடுகிறது. இதுதான் இந்தத் திட்டங்களின் பெரிய ஓட்டை. கலங்கல்மானியை இரவல் தருவதாக இருந்தால் எந்த வாரம் எந்தப் பள்ளிக்கு என்று ஆகஸ்டிலேயே எழுதி முடிவு செய்துவிட வேண்டும். அனுப்பும் பெட்டியில் அளவுத்திருத்தக் குப்பிகளையும் வைத்து, அவற்றின் காலாவதித் தேதியைப் பார்த்துவிட்டு மூட வேண்டும். ஆய்வுக்கூடத்திலிருந்து ஒருவராவது முதல் சோதனை நாளன்று அந்த வகுப்பில் நிற்க வேண்டும்; திரள் வராத பாட்டில் அன்றைக்குத்தான் வரும்.