அசையாமல் நின்ற 42 மெகாவாட்

இனிமேல் மின்கட்டமைப்பை ஏஐ பார்த்துக்கொள்ளும் என்று யாராவது சொன்னால் நான் கேட்பது ஒன்றுதான்: அதற்குப் போகிற அளவுகளை யார் சரிபார்க்கிறார்கள்?

கட்டுப்பாட்டு அறை வேலை தெரிந்தவர்களுக்கு இது புரியும். உற்பத்தியும் தேவையும் நொடிக்கு நொடி சமமாக ஓட வேண்டும். தேவை கூடினால் மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸிலிருந்து (சில நாடுகளில் 60) இறங்க ஆரம்பிக்கும், ரொம்ப இறங்கினால் கட்டமைப்பைக் காப்பாற்ற ரிலேக்கள் என்ற பாதுகாப்புக் கருவிகள் தாமாகவே சில பகுதிகளின் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். அதனால் நாளைக்கு எவ்வளவு லோட் (மின் தேவை) வரும், மேகம் மூடினால் சூரிய மின்சாரம் எவ்வளவு விழும் என்று முன்கூட்டியே தெரிவது பெரிய பலம். இந்தக் கணிப்பில் ஏஐ உண்மையிலேயே கெட்டி. டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயில் கரைந்திருக்கும் அசெட்டிலீன் வாயு கூடுவதைப் பார்த்து, உள்ளே தீப்பொறி பறக்கிறது என்று எச்சரிக்கவும் அதைப் பழக்கலாம்.

ஆனால் ஒரு நாள் சாயங்காலம் நான் பார்த்தது வேறு. திரையில் ஒரு லைன் 42.0 மெகாவாட் என்று காட்டிக்கொண்டே இருந்தது, பக்கத்து லைன்கள் எல்லாம் ஏறி இறங்க, இது மட்டும் புள்ளிக்குப் பின்னால் இருக்கும் எண்கூட மாறாமல் மூன்று மணி நேரமாக அப்படியே. சப்ஸ்டேஷனிலிருந்து அளவுகளை அனுப்பும் ஆர்டியூ என்ற கருவி உறைந்துபோயிருந்தது. ஏஐ மாடல் அந்த எண்ணை நம்பி, இரவு லோட் குறைவு என்று கணித்துக் கொடுத்திருந்தது. "சார், இது ஏன் அசையவே இல்லை?" என்று கேட்டது ஷிஃப்டில் இருந்த பையன்தான், மாடல் இல்லை.

2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் வடகிழக்கிலும் கனடாவிலும் சுமார் 5 கோடிப் பேர் இருட்டில் தவித்தார்களே, அன்றைக்கும் லைன்கள் மரங்களில் உரசித் துண்டானது பாதிக் கதைதான். ஒரு மின் நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில் அலாரம் மென்பொருள் மதியம் 2:14-க்கே செத்துவிட்டது, அது அங்கிருந்த ஆபரேட்டர்களுக்குத் தெரியவே இல்லை. வேறொரு அமைப்பில், கட்டமைப்பின் நிலையைக் கணக்கிடும் மென்பொருளைப் பழுது பார்க்க நிறுத்தியவர்கள், அது தானாக ஓடும் வசதியைத் திரும்பப் போட மறந்துவிட்டார்கள். திரை அமைதியாக இருந்ததால் ஆபரேட்டர்கள் எல்லாம் சரி என்று நினைத்தார்கள். அந்தத் திரையின் இடத்தில் நாளைக்கு ஏஐ இருந்தாலும் இதே ஆபத்துதான், அது தப்பாகச் சொன்னாலும் தயங்காமல் சொல்லும் என்பதால் இன்னும் கூடுதலாகவே பயப்படுகிறேன்.

அந்த 42-க்குப் பிறகு எங்கள் அறையில் ஒரு சின்ன விதி வைத்தோம். எந்த அளவாவது பத்து நிமிடம் மாறாமல் நின்றால் திரையில் மஞ்சளாக மாறும், சப்ஸ்டேஷனுக்குப் போன் போட்டு மீட்டரைப் பார்த்துச் சொல்லச் சொல்வோம், அப்புறம்தான் அந்த எண் மாடலுக்குப் போகும்.