இரண்டு பேர் ஒரே நேரத்தில் மைக்கை அமுக்கினால்

பாம்பன் விசைப்படகில் வாக்கிடாக்கி செட் கரகரக்கிறது. “பார்ப் பக்கம் வர வேண்டாம்ணே” என்கிறது ஒரு குரல். பார் என்றால் கடலடிப் பாறைத்திட்டு. பாதியிலேயே கிட்டத்தில் இருக்கும் இன்னொரு படகுக்காரர் ஐஸ் கணக்குப் பேச மைக்கை அமுக்குகிறார். கேட்கிறவருக்கு வந்து சேர்வது “பார்ப் பக்கம் வர…”, அப்புறம் ஐஸ். தமிழில் ‘வேண்டாம்’ கடைசியில் வருவது இந்த இடத்தில் வம்பு.

கடல் செட் எஃப்.எம். வகை. இரண்டு அலைகள் சேர்ந்து வந்தால் பலமானதைப் பிடித்துக்கொண்டு மற்றதை அமுக்கிவிடும். அமுங்கிய பேச்சுக்குச் சுவடே இருக்காது.

உச்சிப்புளி கடற்படைத் தளத்து விமானங்களை விடுங்கள். அதற்கும் மேலே கோடு போட்டுப் போகும் பயணிகள் விமானம் பேசுவது ஏ.எம். முறையில், 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸுக்குள். ஒரே அலைவரிசையில் இருக்கும் இரண்டு டிரான்ஸ்மிட்டர்களும் துளியாவது விலகித்தான் இருக்கும். 1,000 ஹெர்ட்ஸ் விலகினால், அந்த வித்தியாசமே 1,000 ஹெர்ட்ஸ் விசிலாகக் காதில் விழும். பேச்சு போச்சு, ஆனால் போச்சு என்பதாவது தெரியும். பழைய ஏ.எம்.மை இன்னும் விடாததற்கு இதுவும் ஒரு காரணம்.

1977 மார்ச் 27, ஸ்பெயினின் டெனரீஃப் தீவு விமான நிலையத்தில் அந்த விசில் அடித்தது. மூடுபனி. ஒரே ஓடுபாதையில் கே.எல்.எம்., பான் ஆம் என்ற இரண்டு நிறுவனங்களின் ஜம்போ விமானங்கள். கே.எல்.எம். துணை விமானி ‘டேக்-ஆஃபில் இருக்கிறோம்’ என்கிற மாதிரி சொன்னார். கிளம்பத் தயார் என்று எடுத்துக்கொண்ட கட்டுப்பாட்டாளர், “ஓகே” என்றார். ஒரு கணம் விட்டு, காத்திருங்கள், நான் கூப்பிடுகிறேன் என்றார். அதே கணத்தில் பான் ஆமும் பேசியது: நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம். கே.எல்.எம். காக்பிட்டில் தெளிவாக விழுந்தது ‘ஓகே’ மட்டும். மீதி விசில். பான் ஆம் விலகவில்லையோ என்று ஃப்ளைட் இன்ஜினியர் கேட்டுப் பார்த்தார். விலகியாச்சு என்றார் கேப்டன். இரண்டு விமானங்களும் மோதி 583 பேர் இறந்தார்கள். பணிநேர வரம்பு நெருங்கிக்கொண்டிருந்த அவசரத்தில், விசில் வெறும் இரைச்சலாகப் பட்டிருக்க வேண்டும்.

அதற்கப்புறம் ‘டேக்-ஆஃப்’ என்ற சொல்லையே பூட்டி வைத்தார்கள். அனுமதி கொடுக்கும்போதும் அதை ரத்து செய்யும்போதும்தான் அது வாயில் வரலாம், மற்றபடி ‘டிபார்ச்சர்’. ஓடுபாதை உத்தரவுக்கு வெறும் ‘ரோஜர்’ (கேட்டுக்கொண்டேன்) செல்லாது. அது நம்ம ‘சரிண்ணே’ மாதிரி. எதைக் கேட்டுச் சரி சொன்னார் என்று தெரியாது. எந்த ஓடுபாதை, ஏறலாமா, வெளியே நிற்கவா என்பதை விமானி திருப்பிச் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் கட்டுப்பாட்டாளர் அங்கேயே மறித்துத் திருத்த வேண்டும்.