ஒரே அளவுகோல், இரண்டு சமத்துவங்கள்

கணினிக்கு இனமும் தெரியாது, நிறமும் தெரியாது. எல்லோரையும் ஒன்றுபோல் அளக்கும் அந்தப் பொறியால் சட்டத்தின் முன் சமத்துவம் எப்படிக் கெடும் என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். இதற்கான விடை பள்ளிக்கூடத்து விகிதக் கணக்கிலேயே இருக்கிறது என்பதை முதன்முதலாகப் புரிந்துகொண்டபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்றும் அடங்கவில்லை.

அமெரிக்காவின் சில மாநிலங்களில் ‘காம்பஸ்’ என்ற மென்பொருள், குற்றம் சாட்டப்பட்டவர் மீண்டும் குற்றம் செய்யும் வாய்ப்பை 1 முதல் 10 வரையிலான மதிப்பெண்ணாகக் கணித்து நீதிமன்றத்துக்குத் தருகிறது. அதன் 137 கேள்விகளில் இனம் பற்றிய கேள்வி கிடையாது. 2016 மே மாதத்தில் ‘புரோபப்ளிகா’ என்ற புலனாய்வு ஊடகம், புளோரிடாவின் பிரவர்டு கவுண்டியில் வழங்கப்பட்ட மதிப்பெண்களை ஆராய்ந்தது. பின்னர் எந்தக் குற்றத்திலும் சிக்காதவர்களை எடுத்துக்கொண்டால், கறுப்பினத்தவரில் 44.9 சதவீதம் பேரும் வெள்ளையரில் 23.5 சதவீதம் பேரும் ‘அபாயம் மிக்கவர்’ என்று தவறாக முத்திரை குத்தப்பட்டிருந்தனர். மென்பொருளைத் தயாரித்த நிறுவனமோ, அந்த முத்திரை பெற்றவர்களில் உண்மையிலேயே மீண்டும் சிக்கியவர்களின் விகிதம் இரு இனத்திலும் ஏறக்குறைய ஒன்றே என்று மறுத்தது. வியப்பு என்னவென்றால், இரு தரப்பும் சொன்னது சரி.

எப்படி என்று பார்ப்போம். நான் கற்பனையாக எடுத்துக்கொள்ளும் இரண்டு குழுக்களில் தலா 1000 பேர் இருக்கட்டும். முதல் குழுவில் மீண்டும் கைதாகப் போகிறவர்கள் 500 பேர். இரண்டாவது குழுவில் 200 பேர். அப்படிக் கைதாகப் போகிறவர்களில் 60 சதவீதம் பேரை நம் பொறி இரு குழுவிலும் சரியாகக் கண்டுபிடிக்கிறது. அதன் ‘அபாயம்’ என்ற சொல்லும் இரு குழுவிலும் 60 சதவீதம் பலிக்கிறது. இதைவிட நடுநிலையான பொறி ஏது என்றுதான் தோன்றும். இப்போது எண்ணுங்கள். முதல் குழுவில் 500 பேருக்கு முத்திரை விழுகிறது. அவர்களில் 300 பேர் கைதாகிறார்கள், 200 பேர் கைதாவதில்லை. இரண்டாவது குழுவில் முத்திரை விழுவது 200 பேருக்கு. 120 பேர் கைதாகிறார்கள், 80 பேர் கைதாவதில்லை. முதல் குழுவில் தவறு செய்யாதவர்கள் மொத்தமே 500 பேர்தான் என்பதால், அவர்களில் 40 சதவீதம் பேர் வீணாகப் பழி சுமக்கிறார்கள். இரண்டாவது குழுவின் 800 பேரில் அப்படிச் சுமப்பவர்கள் வெறும் 10 சதவீதம். பொறியில் கோளாறு ஏதுமில்லை, வன்மமும் இல்லை, ஆனாலும் ஒரு குழுவின் நிரபராதிக்கு மற்றக் குழுவின் நிரபராதியைவிட நான்கு மடங்கு ஆபத்து.

அடிப்படை விகிதங்கள், அதாவது ஒவ்வொரு குழுவிலும் மீண்டும் கைதாகிறவர்களின் பங்கு, வேறுபட்டிருக்கும்வரை, பொறியின் கணிப்பு ஒன்றுகூடத் தவறாததாக இருந்தாலன்றி, முத்திரை இரு குழுவிலும் ஒரே அளவு பலிப்பது, தவறான கணிப்பு இரு குழுவையும் ஒரே அளவு பாதிப்பது என்ற இருவகைச் சமத்துவத்தையும் ஒருசேர எட்ட முடியாது என்பதை 2016இல் கிளெய்ன்பெர்க், முல்லைநாதன், ராகவன் ஆகிய மூன்று ஆய்வாளர்களும், தனியாக அலெக்சாண்ட்ரா சௌல்டிசோவாவும் கணிதமுறைப்படி நிறுவினார்கள். எவ்வளவு தரவைக் குவித்தாலும், எவ்வளவு நுட்பமான செயற்கை நுண்ணறிவைக் கட்டினாலும் இந்த முடிச்சு அவிழாது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பொறி கற்றுக்கொள்வது குற்றங்களிலிருந்து அல்ல, கைதுகளிலிருந்து. காவலர்கள் எங்கே அதிகம் ரோந்து போகிறார்களோ அங்கே கைது அதிகம் பதிவாகும். அந்தப் பதிவே அடிப்படை விகிதமாக மாறி அடுத்தவரின் மதிப்பெண்ணில் வந்து உட்காரும். எண்ணில் சொன்னால் பொய் இருக்காது என்ற நம்பிக்கையை நான் மூடநம்பிக்கைகளில் ஒன்றாகவே கருதுகிறேன். இத்தகைய பொறிகளை வாங்கப் பொதுப்பணத்தைச் செலவிடும் அரசுகள், அவற்றைச் சோதித்துப் பார்க்கும் சுயேச்சையான ஆய்வுகளுக்கும் கட்டாயம் நிதி ஒதுக்க வேண்டும்.

அமெரிக்க அரசியலமைப்பின் 14ஆவது திருத்தம் சட்டத்தின் சமமான பாதுகாப்பை உறுதியளிக்கிறது. ஆனால் மேற்சொன்ன இரண்டில் எந்தச் சமத்துவம் என்று அது சொல்லவில்லை. மனிதர்கள் தீர்ப்பளித்த காலத்தில் அந்தத் தெளிவின்மையோடு காலம் தள்ள முடிந்தது. மென்பொருளில் ஏதேனும் ஒன்றை எழுதியே ஆக வேண்டும். சட்டமன்றம் விவாதித்து எடுக்க வேண்டிய முடிவை ஒரு நிறுவனத்தின் பொறியாளர் எடுத்துவிடுகிறார். வீண்பழியைச் சமமாக்க எந்த மதிப்பெண்ணிலிருந்து முத்திரை விழும் என்பதற்கு ஒவ்வொரு குழுவுக்கும் தனித்தனி வெட்டுமதிப்பெண் வைக்கலாமே என்றால், ஒரே மதிப்பெண் பெற்ற இருவரை இனம் பார்த்து வேறுவேறாக நடத்தியதாகிவிடும். அதையும் அதே திருத்தத்தின்கீழ் நீதிமன்றங்கள் மிகக் கடுமையாக ஆராயும்.

நெதர்லாந்தில் நலத்திட்ட மோசடியைக் கணிக்க அரசு பயன்படுத்திய ‘சிரி’ (SyRI) என்ற கணினி அமைப்புக்கு அடிப்படையான சட்டம், போதிய வெளிப்படைத்தன்மை இல்லாமல் தனியுரிமையை மீறுகிறது என்று ஹேக் மாவட்ட நீதிமன்றம் 2020 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநில உச்ச நீதிமன்றம் 2016இல் வேறு வழியில் போனது. காம்பஸ் மதிப்பெண்ணைப் பார்த்துத் தண்டனை விதித்தது உரிய சட்ட நடைமுறைக்கு எதிரானது என்று முறையிட்டவரின் வாதத்தை அது ஏற்கவில்லை. மதிப்பெண்ணை மட்டுமே வைத்துத் தீர்மானிக்கக் கூடாது என்றும், அறிக்கையில் எச்சரிக்கைகளை இணைக்க வேண்டும் என்றும் கூறியது. கணிப்பு முறை வணிக ரகசியம் என்பதும், சிறுபான்மையினர் கூடுதலாக ‘அபாயம் மிக்கவர்’ ஆக்கப்படுகிறார்களோ என்று சில ஆய்வுகள் ஐயம் எழுப்பியுள்ளன என்பதும் அந்த எச்சரிக்கைகளில் இடம்பெற்றன. மென்பொருள் எந்தச் சமத்துவத்தைத் தேர்ந்து எழுதப்பட்டது என்பதை நீதிபதிக்குச் சொல்லும் வரி அவற்றில் இல்லை.